கறுப்புத் துணிக்கு முன்னால் ஒரு நடராஜர்

(எபிசோடின் ஒலிவடிவத்தைச் சுருக்கி, படிக்க வசதியாகத் திருத்திய எழுத்து வடிவம்)

பாண்டிக்கு ஒரு வீக்எண்ட் போறீங்க. ரூமில் பையை வைத்ததும் முதல் வேலை என்ன? ஒயிட் டவுனில் ஒரு மஞ்சள் சுவரைத் தேடிப் பிடிப்பது. போகன்வில்லா தொங்கணும், பக்கத்தில் யாரோ விட்டுவிட்டுப் போன சைக்கிள் இருந்தால் இன்னும் நல்லது. காலையில் சீக்கிரம் போனால் சுவர் தங்கம் மாதிரி இருக்கும். பத்து மணிக்கு மேல போனா மூக்கு நிழல் உதட்டு மேல விழும். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே ஒயிட் டவுனில் செயின்ட் லூயி வீதி என்று ஒரு தெரு இருக்கு. அங்கேதான் பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் இருக்கிறது. அதற்குள்ளே ஒரு போட்டோ தொகுப்பு. சுமார் 1,60,000 படங்கள். பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. கோயில், தூண், கல் சிலை, செப்புச் சிலை, மறுபடியும் கோயில், மறுபடியும் தூண். இன்ஸ்டாவில் போட்டால் பத்து லைக் தாண்டாது. ஆனால் கான்பராவில் கண்ணாடிக்குள் நின்ற ஒரு நடராஜரும், லண்டனில் இருந்த ஒரு ராமரும் ஊர் திரும்பியதற்கு இந்தப் படங்கள்தான் சாட்சி. இன்றைய கதை அதுதான். ஆனால் அதை வேறொரு இடத்திலிருந்து ஆரம்பிக்கணும்: கறுப்புப் பின்னணி, பக்கவாட்டு வெளிச்சம், இருட்டிலிருந்து எழுந்து வருகிற மாதிரி ஒரு உருவம். அந்த ஸ்டைல்.

இந்த எபிசோடுக்காக நானே வீட்டில் முயற்சி பண்ணினேன். எடுத்துக்கொண்டது பாட்டியின் பித்தளைக் குத்துவிளக்கு. முதல் படம் போன் ஃபிளாஷில். விளக்கின் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு எரிகிறது, பின்னால் ஃபிரிட்ஜ் தெரிகிறது, ஃபிரிட்ஜ் மேல கேஸ் புக்கிங் நம்பர் ஒட்டியிருக்கிறது. படம் மாதிரியே இல்லை, போலீஸ் ரெக்கார்டு மாதிரி இருக்கு. (இந்த வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால தேவைப்படும்.)

பிறகு கொஞ்சம் யோசித்துச் செய்தேன். உலோகத்தைப் படமெடுப்பதில் ஒரு விசித்திரம் உண்டு. உலோகம் பாதி கண்ணாடி. தன் நிறத்தைக் காட்டுவதை விட, சுற்றி என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். அதனால் விளக்கின் மேல் லைட் அடிக்கிறது வேலையில்லை. விளக்கில் எது பிரதிபலிக்கணுமோ அதற்கு லைட் கொடுக்கணும். ஒரு பக்கம் ஜன்னல், ஜன்னலுக்கு மேல் டிரேசிங் பேப்பர். வெயில் அதில் பட்டுப் பரவி, மெத்தென்று வரும். எதிர்ப் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டை. பின்னால் ஐந்தாறு அடி தள்ளி ஒரு கறுப்பு வெல்வெட். ஏன் வெல்வெட்? அதன் நுண்ணிய இழைகளுக்குள் போன வெளிச்சம் திரும்பி வராது. ஏன் தள்ளி? சின்ன விளக்காக இருந்தால், தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். ஜன்னலில் அந்தக் கணக்கு அவ்வளவு கச்சிதமாக வராது, ஆனால் போக்கு அதேதான். பொருள் வெளிச்சத்துக்குப் பக்கத்திலும் பின்னணி தொலைவிலும் இருந்தால், வெள்ளைச் சுவர்கூட கறுத்துப்போகும். கடைசியாக, கேமராவின் எக்ஸ்போஷரை நாமே குறைக்கணும். சும்மா விட்டால் அது எல்லாவற்றையும் சராசரி சாம்பல் நிறமாக்கப் பார்க்கும்.

இரண்டாவது படம் வந்தது. சத்தியமாகச் சொல்றேன், அது எங்கள் வீட்டு விளக்கு என்று எனக்கே தெரியவில்லை. ஒரு பக்கம் தங்கக் கோடு, மறு பக்கம் மெல்ல இருட்டில் கரைகிறது. அருங்காட்சியகத்தில் இருக்கிற மாதிரி இருந்தது. ஃபிரிட்ஜ் போயிருந்தது. சமையலறை போயிருந்தது. பாட்டியும் போயிருந்தார். யார் வீட்டு விளக்கு, எந்த ஊர் விளக்கு என்று அந்தப் படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இதே விஷயம் நம்ம சாமிகளுக்கு நூறு வருடத்துக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது.

கேமரா தமிழ்க் கோயில்களுக்கு வந்தது சீக்கிரமாகவே. மெட்ராஸ் பிரசிடென்சியின் அரசுப் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-ல் மதுரை, தஞ்சாவூர் எல்லாம் சுற்றிப் படமெடுத்தார். கோபுரம், மண்டபம், பிரகாரம். ஆனால் உற்சவர் செப்புத் திருமேனிகளின் நிலை வேறு. கோயிலில் நாம் நடராஜரைப் பார்க்கும்போது உண்மையில் எதைப் பார்க்கிறோம்? பட்டு, மாலை, விபூதி, தீப ஒளியில் ஒரு முகம். சோழச் சிற்பி மெழுகில் இழைத்த இடுப்பு வளைவும் தூக்கிய கால் தசையும் துணிக்குள்ளே இருக்கும். அபிஷேக நேரத்தில் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். அலங்காரத்தைக் கழற்றி, தனியாக நிறுத்தி, வெளிச்சம் போட்டு “இது ஒரு சிற்பம்” என்று பார்க்கச் சொன்னவை அருங்காட்சியகமும் கேமராவும்.

அப்படிப் பார்த்து மயங்கிய ஆட்களில் ரொம்பப் பிரபலமானவர் பாரிஸ் சிற்பி ஒகுஸ்த் ரொதேன். சென்னை எழும்பூர் மியூசியத்தில் இருக்கிற திருவாலங்காடு நடராஜரைப் பற்றி 1913-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். 1917-ல் இறந்துபோனார். கட்டுரை 1921-ல்தான் ஆனந்த குமாரசாமி, ஹாவெல், கோலுபேவ் ஆகியோரின் எழுத்துகளோடு சேர்ந்து பிரெஞ்சில் வெளிவந்தது. நடராஜரை உலகச் சிற்பக்கலையின் உச்சம் என்று மேற்கில் பலர் சொல்ல ஆரம்பித்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இதில் ஒரு சுவாரசியம்: ரொதேன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அந்த நடராஜரை நேரில் பார்த்ததும் இல்லை. அவர் எழுதியது முழுக்க போட்டோக்களைப் பார்த்து.

ரொதேனுக்கு போட்டோ எதைச் செய்யும் என்று நன்றாகவே தெரியும். 1908-ல் எட்வர்ட் ஸ்டைக்கன் என்ற இளம் புகைப்படக்காரர், ரொதேன் செய்த பால்சாக் சிலையை ராத்திரியில், நிலா வெளிச்சத்தில், நீண்ட எக்ஸ்போஷர் வைத்துப் படமெடுத்திருந்தார். பகலில் பலர் கேலி பண்ணிய சிலை, இருட்டில் மலை மாதிரி நின்றது. ஆக, இருட்டும் ஒரு பக்கத்து வெளிச்சமும் சேர்ந்தால் கல்லுக்கும் செம்புக்கும் என்ன மதிப்பு கூடும் என்பது பாரிஸில் அப்போதே தெரிந்த விஷயம். மதிப்பு என்று நான் சொல்வது கலை மதிப்பு மட்டும் இல்லை.

இப்போ பாண்டிக்குத் திரும்பி வரலாம். நம்ம ஊர் கதையில் ஒரு நெருடலான பக்கம் இருக்கு, அதைத் தாண்டிப் போகக் கூடாது.

1920-களில் புதுச்சேரியில் கப்ரியேல் ழுவோ துப்ரேய் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார். ஆசிரியர், தொல்லியல் அறிஞர். பல்லவர் கோயில்களைப் பற்றி, தென்னிந்தியக் கட்டடக் கலையைப் பற்றி அவர் எழுதியதை இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஆள்தான் பாரிஸில் இருந்த சி.டி. லூ என்ற பெரிய கலைப்பொருள் வியாபாரிக்குத் தமிழ்நாட்டுச் சிற்பங்களை அனுப்பியும் வைத்தார். அதில் ரொம்பத் தெரிந்த கதை காஞ்சிபுரம் யோகினிகள். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த, கல்லில் செதுக்கிய, அமர்ந்த நிலையில் இருக்கிற பெண் தெய்வங்கள். ஒரு கூட்டமாக இருந்தவர்கள். இன்று ஒருத்தி பாரிஸில், ஒருத்தி லண்டனில், ஒருத்தி டொராண்டோவில், ஒருத்தி வாஷிங்டனில், இன்னும் சிலர் அமெரிக்காவின் வேறு ஊர்களில், ஒருத்தி சென்னையில். கலை வரலாற்றாசிரியர் பத்மா கைமல் இவர்கள் பயணத்தைத் தேடி 2012-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

இதைத் திருட்டு என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. இன்றிருக்கிற தொல்பொருள் சட்டம் வந்தது 1972-ல். அன்றைய நிலை வேறு. ஆனால் விளைவைப் பாருங்க. இந்தப் பெண்கள் சேர்ந்து அமர்ந்திருந்த கோயில் எது, சரியாக எங்கே இருந்தது என்று இன்றைக்கு யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. அவர்கள் அங்கே உட்கார்ந்திருந்தபோது யாரும் ஒரு படம் எடுத்து, கீழே ஊர் பேரை எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு மியூசியத்திலும் ஒவ்வொருத்தியும் தனியாக உட்கார்ந்திருக்கிறாள்.

அடுத்த காட்சி 1950-களில். 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வருகிறது. பேச்சுவார்த்தையின் ஒரு பகுதியாக, பிரான்ஸ் இங்கே ஒரு ஆய்வு நிறுவனம் வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தமாகிறது. 1955 மார்ச்சில் பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் திறக்கப்படுகிறது. முதல் இயக்குநர் ழான் ஃபில்லியோசா. சமஸ்கிருதம், தமிழ், மருத்துவம் எல்லாம் தெரிந்த மனிதர். அவருக்கு சைவ ஆகமங்கள் மேல் பெரிய ஆர்வம். ஒரு கோயிலை எப்படிக் கட்டணும், சாமியின் கையில் என்ன இருக்கணும், எந்தப் பக்கம் யார் நிற்கணும் என்று சொல்கிற நூல்கள். ஓலைச்சுவடிகளாகத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். அந்தச் சுவடித் தொகுப்புக்கு 2005-ல் யுனெஸ்கோவின் ‘உலக நினைவகம்’ அங்கீகாரம் கிடைத்தது தனிக் கதை.

ஆகமத்தில் எழுதியிருப்பது ஒன்று. கோயிலில் உண்மையில் இருப்பது என்ன? ஒப்பிடணும் இல்லையா? அதற்காகத்தான் 1956-லிருந்து கேமராவோடு ஊர் ஊராகப் போக ஆரம்பித்தார்கள். பெரிய கோயில், சின்னக் கோயில், பூட்டிக் கிடக்கும் கோயில். அப்புறம் பல பத்தாண்டுகள் இது நடந்தது. பக்கத்துத் தெருக்காரர்களான பிரெஞ்சு தூரக்கிழக்கு ஆய்வுப் பள்ளியின் அறிஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். பிரான்சுவாஸ் லெர்னோ தமிழ்நாட்டில் முருகன் உருவங்களைப் பற்றி 1978-ல் எழுதிய புத்தகம் இந்த மாதிரி உழைப்பில் வந்ததுதான்.

யாருமே போலீஸ் வேலைக்காக இதைச் செய்யவில்லை. அவர்கள் மனசில் இருந்தது, சாமியின் மேல் வலது கையில் மழுவா மானா என்கிற மாதிரிக் கேள்விகள். அதனால் படங்களும் அப்படித்தான். நேராக, முழுசாக, எல்லா விவரமும் தெரிகிற மாதிரி. களத்தில் செப்புச் சிலையைப் படமெடுப்பது சாதாரண வேலை இல்லை. முதலில் அலங்காரத்தைக் கழற்ற குருக்கள் சம்மதிக்கணும். கருவறைப் பக்கம் இருட்டு. பக்கத்தில் விளக்கெண்ணெய் பிசுக்கு. பின்னணி என்றால் ஒரு துணி, இல்லாவிட்டால் கோயில் சுவர். என்னுடைய வெல்வெட்டும் தெர்மோகோலும் செய்த அதே வேலைதான், ஆனால் நோக்கம் தலைகீழ். நான் விளக்கை அழகாக்கப் பார்த்தேன். அவர்கள் எதையும் மறைக்காமல் இருக்கப் பார்த்தார்கள். நிழல் அழகு தரும், ஆனால் நிழலுக்குள் என்ன இருக்கிறது என்று ஆய்வாளருக்குத் தெரியாது.

முக்கியமான விஷயம் படத்தில் இல்லை, கூடவே இருக்கிற பதிவில் இருக்கிறது. எந்த ஊர், எந்தக் கோயில், எந்தச் சாமி, என்றைக்கு எடுத்தது. நாலு வரி.

அந்த நாலு வரி என்ன செய்யும் என்பதற்கு ஆனந்தமங்கலம் போகணும். தரங்கம்பாடிப் பக்கத்து ஊர். ராஜகோபாலப் பெருமாள் கோயில். அங்கே விஜயநகரக் காலத்து ராமர், லட்சுமணர், சீதை செப்புச் சிலைகள். 1958 ஜூனில் பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் ஆட்கள் வந்து படமெடுத்துவிட்டுப் போகிறார்கள். 1978 நவம்பரில் சிலைகள் திருடு போகின்றன. பிறகு நாற்பது வருடம் சத்தமே இல்லை.

2019-ல் சிங்கப்பூரில் இருக்கிற விஜய் குமார் (இந்தியா பிரைடு புராஜெக்ட் என்ற தன்னார்வலர் குழுவைத் தொடங்கியவர், சிலைக் கடத்தலைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்) இணையத்தில் பிரிட்டன் வியாபாரிகள் பக்கம் ஒன்றில் விற்பனைக்கு வந்த ஒரு சிலையைப் பார்க்கிறார். சந்தேகம் வருகிறது. பாண்டியில் இருக்கிற 1958 படங்களோடு ஒப்பிட்டால் பொருந்துகிறது. லண்டன் போலீஸ் விசாரிக்கிறது. சிலைகளை வைத்திருந்தவர் விஷயம் தெரிந்ததும் தாமாகவே ஒப்படைக்கிறார். 2020 செப்டம்பரில் லண்டன் இந்தியத் தூதரகத்தில் மூவரும் இந்தியாவிடம் வந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஊர்க் கோயிலுக்கே வந்து சேர்ந்தார்கள்.

“பொருந்துகிறது” என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். எப்படிப் பொருத்துவது? ஒரே மாதிரி ஆயிரம் ராமர் இருக்கலாமே? இங்கேதான் சோழர் காலத்திலிருந்து சுவாமிமலை வரைக்கும் வருகிற வார்ப்பு முறை கைகொடுக்கிறது. மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் ஒரு அச்சுக்கு ஒரே சிலை. இரண்டாவது கிடையாது. உலோகம் ஓடாமல் விட்ட ஒரு சின்னக் குழி, பிற்காலத்தில் ஒட்டுப்போட்ட தடம், விரல் நுனியில் உடைசல், திருவாசியில் தீச்சுடர்களுக்கு நடுவே ஏற்றத்தாழ்வான இடைவெளி, பல நூறு வருட அபிஷேகத்தில் தேய்ந்த மூக்கு, இவையெல்லாம் அந்தச் சிலையின் கைரேகை. கைரேகை எடுக்கணும்னா வெளிச்சம் எல்லா இடத்திலும் விழணும். டிராமா வேலைக்கு ஆகாது.

இப்போ நடராஜர்.

அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான். சோழர் காலத்துச் சிவன் கோயில், பேரு பிரகதீஸ்வரர். தஞ்சாவூர் மாதிரிக் கூட்டம் வருகிற இடமில்லை. வழிபாடு ஓய்ந்து, கதவு பூட்டிக் கிடந்தது. 2006-ல் உள்ளே புகுந்தார்கள். ஊருக்கு விஷயம் தெரிந்தது 2008-ல்தான். பாதுகாப்பு மையத்துக்கு எடுத்துப் போகலாம் என்று அறநிலையத் துறை ஆட்கள் வந்து திறந்து பார்த்தால் எட்டுச் சிலைகளைக் காணோம். அந்த நேரம் நடராஜர் ஏற்கெனவே கான்பராவில் இருந்தார். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அதே 2008-ல் அவரை வாங்கியிருந்தது. விலை 50 லட்சம் அமெரிக்க டாலர். விற்றவர் நியூயார்க் மேடிசன் அவென்யூவில் ‘ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்’ என்ற கடை வைத்திருந்த சுபாஷ் கபூர்.

இந்த மாதிரிக் கடைகளின் கேட்டலாக் ஒன்றைப் புரட்டிப் பார்த்திருக்கீங்களா? கனமான வழவழ தாள். ஒரு பக்கத்துக்கு ஒரே சிலை. பின்னணி கறுப்பு, இல்லாவிட்டால் கீழிருந்து மேலாக மெல்லக் கறுத்துப் போகும் சாம்பல். தோள் விளிம்பில் ஒரு வெள்ளிக் கோடு. நிழல் எங்கே விழணுமோ அங்கே மட்டும். கீழே எழுத்து: தென்னிந்தியா, சோழர் காலம், இத்தனையாம் நூற்றாண்டு. “தென்னிந்தியா.” அதற்கு மேல் ஊர் பேர் கிடையாது. நான் அந்தப் படங்களை வெறுக்கிறேன் என்று நினைக்காதீங்க. என் விளக்கு அப்படி வந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! எடுத்த ஆட்கள் தொழில் தெரிந்தவர்கள். ஆனால் என் ஃபிரிட்ஜ் மறைந்த மாதிரி அங்கே ஒரு கிராமம் மறைந்துவிடுகிறது. தெரு, கதவு, பூட்டு, எண்ணெய்க் கறை, எல்லாம்.

மறைந்த இடத்தில் ஒரு காகிதம் வந்து உட்காரும். யாரோ ஒருவர் 1972 சட்டத்துக்கு முன்பே இந்தியாவில் வாங்கி வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார் என்று சொல்லும் ரசீது, கடிதம். கான்பரா நடராஜருக்கும் அப்படிக் காகிதங்கள் இருந்தன.

இந்தப் பக்கம் பாண்டியில் ஒரு படம் இருந்தது. 1994-ல் எடுத்தது. அதே நடராஜர், ஸ்ரீபுரந்தான் கோயிலுக்குள். ரசீதின்படி அவர் அதற்கு இருபது வருடத்துக்கு முன்பே நாட்டை விட்டுப் போயிருக்கணும். அப்படியானால் 1994-ல் அரியலூரில் நின்றது யார்? அழகு, கலை, காலம் எதைப் பற்றியும் வாதாட வேண்டியதில்லை. ஒரு தேதி போதும்.

2013 வாக்கில் பத்திரிகையாளர்களும் ஆர்வலர்களும் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட்டபோது ஆஸ்திரேலியாவில் பெரிய விவாதம் வந்தது. கபூர் அதற்கு முன்பே, 2011 அக்டோபரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் கைதாகி, 2012-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டிருந்தார். கலைக்கூடம் 2014-ல் அவர்மேல் வழக்கும் போட்டது. அதே வருடம் செப்டம்பர் 5-ஆம் தேதி ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் டெல்லியில் நடராஜரைப் பிரதமர் மோடியிடம் ஒப்படைத்தார். கூடவே இன்னொருவரும் வந்தார்: விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயில் சுவர் மாடத்தில் இருந்த கல் அர்த்தநாரீஸ்வரர். சிட்னி கலைக்கூடம் 2004-ல் வாங்கியிருந்தது. அவர் மாடத்திலேயே நிற்கிற படமும் பாண்டித் தொகுப்பில் இருந்தது.

கபூர் வழக்கில் இன்னொரு வகைப் படமும் வெளிவந்தது, அதையும் சொல்லிவிடணும். அமெரிக்க அதிகாரிகள் அவருடைய கிடங்குகளிலிருந்து 2,600-க்கும் மேற்பட்ட பொருள்களைக் கைப்பற்றினார்கள், மதிப்பு 10 கோடி டாலருக்கு மேல். கூடவே போட்டோக்கள். மண் ஒட்டிய சிலை, தரையில் படுத்துக் கிடக்கிற சிலை, அவசரத்தில் ஃபிளாஷ் அடித்து எடுத்தது. “சரக்கு ரெடி” என்று சொல்ல எடுத்த படங்கள். இத்தாலியில் இதற்கு முன்னோடி உண்டு: 1995-ல் ஜெனீவா கிடங்கு ஒன்றில் ஜாக்கோமோ மெடிசி என்ற வியாபாரியின் ஆயிரக்கணக்கான போலராய்டுகள் சிக்கின. கல்லறையிலிருந்து அப்போதுதான் தோண்டிய கிரேக்க ஜாடிகள், மண்ணோடு. அந்தப் போலராய்டுகளை வைத்துத்தான் பெரிய பெரிய அமெரிக்க மியூசியங்களிலிருந்து பொருள்களை இத்தாலி திரும்ப வாங்கியது.

அதாவது ஒரே சாமிக்கு மூன்று போட்டோ. திருடன் எடுத்தது, ஆய்வாளர் எடுத்தது, வியாபாரி எடுத்தது. இதில் முதல் இரண்டிலும் அழகு கிடையாது. மூலையில் ஒரு கால் தெரியும், துணி சுருங்கியிருக்கும். நீதிமன்றத்துக்கு அவை இரண்டும்தான் பிரயோஜனம். என் ஃபிரிட்ஜ் போட்டோவை போலீஸ் ரெக்கார்டு மாதிரி இருக்கு என்று சொன்னேன் இல்லையா, அது ஒரு விதத்தில் பாராட்டுதான்.

இன்று தமிழ்நாடு சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்கு செயின்ட் லூயி வீதி கிட்டத்தட்ட ஒரு தடயவியல் ஆய்வகம் மாதிரி. 2022-ல் மட்டும் கும்பகோணம் பக்கத்துத் தண்டந்தோட்டம் பார்வதி நியூயார்க் ஏல நிறுவனம் ஒன்றில் இருப்பது இப்படித்தான் அடையாளம் தெரிந்தது. அதே வருட டிசம்பரில் கயத்தாறு நடராஜர் பாரிஸில் ஏலத்துக்கு வந்தபோது, இந்தப் படங்களைக் காட்டி ஏலத்தை நிறுத்தினார்கள். நூறு வருடத்துக்கு முன் காஞ்சி யோகினிகளுக்காக பாண்டியிலிருந்து பாரிஸ் போன அதே பாதையில், இப்போ போட்டோக்கள் போகின்றன.

எல்லாவற்றுக்கும் படம் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ்நாட்டில் அறநிலையத் துறையின் கீழே மட்டும் நாற்பதாயிரத்தைத் தொடும் கோயில்கள். 1,60,000 படங்களில் ஒரே கோயிலின் தூண்களே நூறு இருக்கும். கேமரா போகாத கோயில்கள் ஏராளம். படம் இருந்தாலும் எஃப்.ஐ.ஆர். வேண்டும், கோயில் சொத்துப் பதிவேடு வேண்டும், கேட்க ஊரில் யாராவது வேண்டும். ஒரு நடராஜருக்குப் படம் கிடைத்தது என்றால் அதைச் சுற்றி நிறைய அதிர்ஷ்டமும் இருந்திருக்கிறது.

திரும்பி வந்த பிறகும் கதை நேராக முடிவதில்லை. ஸ்ரீபுரந்தான் நடராஜர் டெல்லியிலிருந்து நேராக ஊருக்குப் போகவில்லை. வழக்குச் சொத்து என்பதால் முதலில் நீதிமன்றம், பிறகு கும்பகோணத்தில் இருக்கிற சிலைப் பாதுகாப்பு மையம். அங்கே அவரைப் போல நிறையப் பேர் வரிசையாக நிற்கிறார்கள். கபூருக்கு 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்து வருடத் தண்டனை கொடுத்தது. அது உடையார்பாளையம் பக்கத்து இன்னொரு கோயில் வழக்கில்.

ஆனந்தமங்கலம் போனால் ராமரைப் பார்க்கலாம். வேட்டி கட்டி, மாலை போட்டு, அலங்காரத்தில் இருப்பார். 1958-ல் ஒரு பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் கேமரா பார்த்த குழியும் தேய்மானமும் இப்போ பட்டுத் துணிக்குள்ளே. அதைப் பார்க்கணும்னா செயின்ட் லூயி வீதிக்குத்தான் வரணும்.